தோல்வாரில் விழுந்த வெட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். சலூனில் நின்று நின்று வீங்கிய கால் இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம், கன்னத்தில் மட்டும் சின்னக் கீறல்.

நீங்கள் கொடுத்தனுப்பிய சவரக்கத்தியை நேற்று முதல்முறையாகத் தீட்டினேன். கல்லில் கூர்ப்பக்கம் முன்னே போகலாம்; தீட்டும் தோல்வாரில் கத்தியின் முதுகுதான் முன்னே போகவேண்டும். நான் வாரிலும் கூர்ப்பக்கத்தையே முன்னே தள்ளி, வாரை அறுத்துவிட்டேன்.

அறைத்தோழன் சிரித்தான். "ஏதுடா இந்தக் கத்தி?"

"கடையில வாங்கினேன்" என்றேன்.

"அதானே பார்த்தேன்! உனக்கும் சவரத்துக்கும் ஏழு தலைமுறைக்கும் சம்பந்தமே இருக்காது."

நானும் சேர்ந்து சிரித்தேன், அப்பா.

வேறொரு வார் அனுப்புங்கள். அனுப்புநர் இடத்தில் நம் சலூன் பெயரையும் உங்கள் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். பகலில் பார்சலை வாங்கி வைப்பவன் அவன்தான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்