கைகள் மேசைமேல்

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நால்வரும் நலம். நீ நலமாக இருப்பதை உன் பள்ளி வாசலில் மாட்டியிருக்கும் புதுப் பலகையே சொல்கிறது. 'எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பள்ளி' என்று மூன்று வண்ணத்தில் எழுதி, கீழே தலைமை ஆசிரியை என்று உன் பட்டங்களை அதைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாயே! சக்கர நாற்காலிக்கென்று கட்டிய சாய்தளத்தையும் பார்த்தேன். அதன்மேல் பன்னிரண்டு பூந்தொட்டிகள். தொட்டிகள் சிரமமில்லாமல் ஏறிவிட்டன போலிருக்கிறது.

பள்ளி விஷயத்தை ஞாயிறுதோறும் வீட்டுக்கு வரும்போதும் பேசாதே, போனிலும் பேசாதே, தங்கைக்குச் சலுகை என்று ஊர் பேசும், எழுதிக் கொடு என்றாய். எழுதிச் சின்னவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

என் இரட்டையரில் பெரியவளுக்குக் காது கேட்காது என்பது உனக்குத் தெரியும். அவள் வகுப்பு ஆசிரியைக்குத் தெரியுமா? அந்த அம்மாள் கரும்பலகையிடம்தான் பாடம் நடத்துகிறாராம். பெரியவளுக்குக் கடைசி வரிசை. நடப்பதையெல்லாம் அவளுக்குக் கையால் சொல்வது சின்னவள் வேலை. சொல்லிச் சொல்லியே இவள் நோட்டு வெள்ளையாகக் கிடக்கிறது. முன் வரிசையில் ஓர் இடம், பேசும்போது பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு முகம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் தங்கை


ஜூலை 8

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. மூன்று எழுத்துப் பிழை. நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தமிழைச் சோதிப்பதில்லை போலும்.

எத்தனை பள்ளிப் படியேறினாய், எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டதா? நான் சேர்த்துக்கொண்டேன். முன் வரிசை, பாடம் ஏறுகிற பிள்ளைகளுக்கு. பெரியவளுக்கு எப்படியும் ஏறப்போவதில்லை. ஜன்னலோரம் காற்று வரும், வேடிக்கை பார்க்கலாம் என்று பாசத்தோடு நானே அங்கே உட்கார வைத்தேன். ஆசிரியை நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறார். ஒருத்திக்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே நிற்க முடியாது.

சின்னவளுக்கு 'சேவை மலர்' விருது தரப்போகிறோம். புகைப்படக்காரர் வருகிறார். இருவருக்கும் படிய வாரி அனுப்பு. உன் கடிதத்தில் நன்றி என்ற சொல்லைத் தேடினேன், அகப்படவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சேவை மலர் சட்டம் போட்டு வீடு வந்து சேர்ந்தது. வாங்கியவள் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "அம்மா, எனக்குப் பின்னமே புரியல. அதுக்கு ஏதாவது பண்ணச் சொல்லேன்" என்றாள். புகைப்படத்தில் நீ பெரியவளின் தோளை அணைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் முகத்தைப் பார்த்தாயா? எங்கள் கூடத்துக்கு வரும் பிள்ளைகள் என் கையிலிருக்கும் ஊசியை இப்படித்தான் பார்ப்பார்கள்.

ஆனால் உன் பள்ளியில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. உன்னைக் கேட்காமல் நடந்ததால் உருப்படியாகவே நடந்திருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் கையால் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்! பெரியவள்தான் வாத்தியார். முதலில் கடைசி வரிசை, அப்புறம் நடு வரிசை. ஞாயிறன்று ஐந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஆன்ட்டி, இவ சொல்ற ஜோக்கு செம" என்று ஒருத்தி தரையில் உருண்டாள். இரண்டு மணி நேரம் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, சிரிப்பு மட்டும்.

ஆளுக்கொரு கைப்பெயர் வைத்திருக்கிறார்கள். உனக்கும் உண்டு. மூக்குக் கண்ணாடியை ஒரு விரலால் இறக்கி, மேலாகப் பார்த்து, உதட்டைச் சுழிக்க வேண்டும். அச்சு அசல் நீயேதான்! நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். உன் பட்டமும் பலகையும் செய்யாததை இந்தப் பொடிசுகள் செய்துவிட்டன. ரோஷம் இருந்தால் நீயும் நாலு வார்த்தை கற்றுக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

தகவலுக்கு நன்றி. நீ எழுதியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கணக்குத் தேர்வில் பதினான்கு பேர் ஒரே தப்பை எப்படிச் செய்தார்கள் என்று ஆசிரியை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். விடை உன் கடிதத்தில் இருந்தது.

நேற்று முதல் அந்த வகுப்பில் கைகள் மேசைமேல்தான் இருக்க வேண்டும். எழுதும் நேரம் தவிர அசையக் கூடாது. இடைவேளையிலும் வாயால்தான் பேச வேண்டும். கடவுள் வாய் கொடுத்திருக்கிறார். தலைமை ஆசிரியையை நையாண்டி செய்ததைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

இன்று நக்கலடிக்கத் தெம்பில்லை. உன்னைக் குத்திக் காட்டும் ஆசையில் பிள்ளைகளைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். என் வாய்க்கொழுப்பு அவர்கள் தலையில் விடிந்தது.

நேற்று பெரியவள் பள்ளிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று கையால் கேட்டேன். சின்னவள்தான் சொன்னாள்: "மிஸ் மூணு தடவ அவ கையில ஸ்கேலால தட்டினாங்கம்மா. ஏன்னு நான் அவகிட்ட கையால சொன்னேன், என்னை வெளிய நிக்க வெச்சுட்டாங்க. இப்ப அவகூட யாரும் பேசறதில்ல. பயப்படறாங்க."

வெகுநேரம் கழித்துப் பெரியவள் வலக்கையை மட்டும் வெளியே எடுத்தாள். என் பேச்சு கெட்ட பேச்சா என்று கேட்டாள்.

தேர்வில் காப்பியடித்தால் தேர்வில் தள்ளித் தள்ளி உட்கார வை. மற்ற நேரம் விட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இனி ஒரு வார்த்தை கேலி செய்ய மாட்டேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

அன்புத் தங்கைக்கு,

இப்போதாவது பணிவு வந்ததே. யோசித்து நல்ல முடிவாக எடுத்திருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, பேருந்தில் ஆறு மணி நேரம். தன்னைப் போன்றவர்களோடு இருந்தால் பெரியவளுக்கும் நிம்மதி. மாற்றுச் சான்றிதழ் எழுதி வைத்துவிட்டேன். சின்னவள் இங்கேயே இருக்கட்டும். பாரம் இறங்கினால் அவள் முதல் மதிப்பெண் வாங்குவாள்.

ஆனால் 25ஆம் தேதி ஆய்வுக் குழு வருகிறது. சிறந்த பள்ளி விருதுக்கு நம் பெயர் போயிருக்கிறது. அதுவரை பெரியவள் வந்தாக வேண்டும். அன்று முன் வரிசையிலேயே உட்கார வைக்கிறேன், உன் ஆசையும் தீரும். கோப்புக்குப் பெற்றோரின் நன்றிக் கடிதம் ஒன்று வேண்டும். நானே எழுதி இணைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா


ஆகஸ்ட் 24

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

நான் எழுதியதாக நீங்கள் எழுதிய நன்றிக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பொய் மட்டும் ஒன்பது.

பத்து நாளாக வேலை முடிந்ததும் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனேன். "பாவந்தான், ஆனா எங்க பிள்ளை படிப்பு கெட்டுடுமே" என்று ஒன்பது வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாகரிகமானவர்கள், சத்தம் வராமல் சாத்தினார்கள். பதினேழு வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு லாரி டிரைவர், "என் பய வீட்லயும் கையால பேசறான். எனக்கே நாலு வார்த்தை வந்துடுச்சு. இதப் போய் எவன் தப்புன்னான்?" என்றார். எவள் என்று திருத்தினேன்.

அந்த மனு இதோடு இருக்கிறது. கை விதியை எடுக்க வேண்டும். ஸ்கேலை எடுக்க வேண்டும். பெரியவளுக்கு முன் வரிசை. ஆய்வு நாளன்று மட்டுமல்ல, எல்லா நாளும். ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும். சான்றிதழை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இங்கேதான் படிப்பார்கள். அது நீங்கள் போடும் பிச்சையல்ல.

நகலை நாளை ஆய்வுக் குழுவிடம் என் கையால் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
இரு மாணவிகளின் தாய்


ஆகஸ்ட் 29

பெற்றோருக்கு,

ஆய்வுக் குழுவின் அறிவுரைப்படி, மேற்படி வகுப்பில் கைகள் குறித்த விதி தேர்வு நேரம் தவிர நீக்கப்படுகிறது. மாணவியின் இருக்கை மாற்றப்பட்டுள்ளது. வகுப்பு ஆசிரியைக்கு உரிய அறிவுரை வழங்கப்பட்டுள்ளது. விருதுக்கான பரிந்துரை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமை யாரைச் சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனிக் கடிதங்களை அலுவலகப் பெட்டியில் போடவும். மாணவிகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குடியிருப்புக்கும் வர வேண்டாம்.

தலைமை ஆசிரியை


செப்டம்பர் 3

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இதைப் பெட்டியில்தான் போடுகிறேன்.

நேற்று பெரியவள் வகுப்பில் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டாளாம். மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று. அவள் கையைப் பார்த்து நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அதை ஆசிரியையிடம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். சின்னவள் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாளாம். ஆசிரியைக்கு விடை தெரியவில்லை. பாடத்தில் இல்லை என்றாராம். பிள்ளைகளைப் பார்த்தே சொன்னாராம், அந்த வரைக்கும் சரி.

சின்ன வயதில் இப்படி ஏதாவது தோன்றினால் ஓடிப்போய்க் கேட்க எனக்கு ஒருத்தி இருந்தாள். தெரியாவிட்டாலும் எதையாவது கட்டிச் சொல்வாள். நானும் நம்புவேன்.

இன்று மாலை நாங்கள் மூவரும் நூலகத்துக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
தாய்