பச்சைக்கு நடுவே ஒரு கோடு

9 நவம்பர் 1997, ஞாயிறு

வயல் படத்தில் பச்சைப் பட்டைகளுக்கு நடுவே நெடுக்காக ஒரு காவிக் கோடு இழுத்திருந்தேன். எனக்கு அது பட்டைகளைப் பிடித்து நிறுத்தும் கோடு மட்டும். அம்மாவுக்கு அது குவைத்தில் இருக்கும் அண்ணன். தினமும் ஜெபம் முடிந்ததும் அதன் உச்சியில் விரலால் சிலுவை போடுவாள். எனக்கும் அது ஆளாகவே தெரியத் தொடங்கியதால், இன்று மதியம் சுரண்டி அழித்துவிட்டேன்.

அம்மா பார்த்துவிட்டாள். “எங்கடி அவன்?”

“வெறும் கோடும்மா அது.”

“பெத்தவளுக்குத் தெரியாதா? திருப்பி வைடி.”

ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிற அண்ணன் இன்று கூப்பிடவில்லை. அம்மா இன்னும் எதிர்வீட்டு ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதே காவியைக் குழைத்து, அதே இடத்தில் மறுபடி இழுத்தேன். நான் விரும்பியபடியே வந்திருக்கிறது, வெறும் கோடாக. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அங்கே யாரும் நிற்கவில்லை.