‘திரு. மெடிக்கல்ஸ்’ ஒன்றும் சொல்லவில்லை என்ற கூட்டக் குறிப்பு பற்றி

அனுப்புநர்
தையல்கடைக்காரி,
மருந்துக்கடைக்கு எதிர்க்கடை,
தண்ணீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்
நகர சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: இணையவழிக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முப்பத்தொரு பேரை ஒருவராக எண்ணியதும், அந்த ஒருவரையும் பேசவிடாததும் – கூட்டத்தை மறுபடி நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சுகாதார நிலையக் கதவில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் கூட்டக் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

1. எங்கள் தெருமுனைச் சுகாதார நிலையத்தில் செவ்வாய், வெள்ளி இரு நாட்களும் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்கள், திக்கிப் பேசும் பிள்ளைகள் எனப் பதினான்கு பேர் அங்கே போகிறார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். அந்தப் பயிற்சியை ஊரின் மறுகோடியிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்றப் போவதாகவும், அதுபற்றி மக்கள் கருத்தைக் கேட்க இணையவழிக் கூட்டம் நடத்துவதாகவும் அறிவித்தீர்கள். கேட்க வேண்டும் என்று தோன்றிய தங்கள் நல்ல மனதுக்கு முதலில் நன்றி.

2. கூட்டத்தில் சேரும் இணைப்பைத் தங்கள் அலுவலகம் தாளில் அச்சடித்துச் சுகாதார நிலையக் கதவில் ஒட்டியிருந்தது. ‘கீழுள்ள நீல எழுத்துகளைத் தொட்டால் கூட்டம் திறக்கும்’ என்றும் போட்டிருந்தது. ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தோம். கதவுதான் திறந்தது.

3. பிறகு மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளின் முன் நின்றார். அறுபத்தெட்டு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் தம் கைபேசியில் அடித்து, மூன்று முறை தவறி, நான்காம் முறை உள்ளே நுழைந்துவிட்டார். கிடைத்த வழியை விடக் கூடாது என்று தெருவே அந்த ஒரு கைபேசியைச் சுற்றி என் கடையில் கூடியது. மொத்தம் முப்பத்தொரு பேர். துணி வெட்டும் மேசை மேலேயே நான்கு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். கைபேசியை நூல்கண்டுப் பெட்டியில் சாய்த்து வைத்தோம். திரையில் எங்கள் அனைவருக்கும் சேர்த்து ‘மெடிக்கல்ஸ்’ என்று ஒரே பெயர் வந்தது. படம் விட்டுவிட்டு வருவதால் பங்கேற்பாளர்கள் எல்லோரும் கேமராவை அணைக்கும்படி தங்கள் உதவியாளர் சொன்னார். அணைத்தோம். சொன்ன பேச்சைக் கேட்பவர்கள் நாங்கள்.

4. தாங்கள் மைக்கைத் திறக்காமலே தலைமையுரையைத் தொடங்கினீர்கள். நான்கு நிமிடம் தங்கள் வாய் அசைவதையும் கை ஆடுவதையும் பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். ஐயா ஏதோ முக்கியமாகச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. அதன் பிறகு குரல் வந்த பதினெட்டு நிமிடத்தில், பங்கேற்பாளர் ஒவ்வொருவரின் குரலும் தங்களுக்கு முக்கியம் என்றீர்கள். இடையில் திரை உறைந்துபோனதால் அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

5. கருத்துகளை எழுத்தில் பதியலாம் என்றார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, மருந்துக்கடைக்காரர் அடித்தார். இஸ்திரிக்கார அம்மாவின் கருத்து மட்டும் சற்று நீளம். அவர் மகள் திக்காமல் பாடம் ஒப்பித்த நாளிலிருந்து ஆரம்பித்தார். இருபத்திரண்டு கருத்துகள் போன நிலையில், “மெடிக்கல்ஸ் சார், ஒரே ஆள் இத்தனை தடவை போடாதீங்க, மத்தவங்களுக்கும் வழி விடுங்க” என்று தங்கள் உதவியாளர் கோபித்துக்கொண்டு, எழுதும் வசதியையும் மூடிவிட்டார். அந்த மற்றவர்கள் நாங்கள்தான் ஐயா.

6. இனி என் வீட்டுக்காரரைப் பற்றி. இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். அவர் கத்திய கத்தலில் தூங்கும் பயணிகளும் எழுந்து இறங்கிவிடுவார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு எட்டு மாதம் ஒரு சொல்லும் வரவில்லை. பயிற்சி ஆசிரியைதான் மெல்ல மெல்ல வரவழைத்தார். அவர் எங்கள் தெருவுக்கே ஒரு விதி வைத்திருக்கிறார்: இவர் வாயைத் திறந்தால் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, மனதுக்குள் இருபது எண்ணிக் காத்திருக்க வேண்டும். பால்காரர் முதல் வீட்டு உரிமையாளர் வரை எல்லோரும் எண்ணுகிறார்கள். எண்ணாதவர் ஒருவர் இருந்தார், அது நான். இப்போது நானும் கற்றுக்கொண்டேன்.

7. தங்கள் கூட்டத்தில் தாமே பேச வேண்டும் என்று அவர் மூன்று வாரம் ஒரு வாக்கியத்தைப் பழகினார். “மெடிக்கல்ஸ் சார் பேசலாம்” என்றதும் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாங்கள் வழக்கப்படி மூச்சுக் காட்டாமல் எண்ண ஆரம்பித்தோம். பதினொன்று எண்ணும்போது, “ஹலோ, கேக்குதா? அங்க யாரும் இல்ல போல சார், அடுத்தவங்கள எடுத்துக்கலாம்” என்று குரல் வந்தது. மைக்கை அந்தப் பக்கமிருந்தே அடைத்துவிட்டார்கள். அவருடைய முதல் சொல் அதன் பிறகு வந்தது. முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தார். அடைத்த கைபேசியிடம் சொன்னார் என்பதை அவருக்குத் தெரிவிக்க எங்கள் முப்பது பேரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நான் ஊசியில் நூல் கோக்கிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

8. மூன்றாம் நாள் கதவில் கூட்டக் குறிப்பு வந்தது. ‘தண்ணீர்த்தொட்டித் தெரு: பங்கேற்றோர் ஒருவர், திரு. மெடிக்கல்ஸ். பேச வாய்ப்பளிக்கப்பட்டது; ஒன்றும் சொல்லவில்லை. ஆட்சேபனை இல்லாததால் அடுத்த மாதம் முதல் இடமாற்றம்.’ எழுத்தில் போன இருபத்திரண்டு கருத்துகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. என் வீட்டுக்காரர் அதை நின்று வாசித்தார். அன்றிலிருந்து பயிற்சிக்கு வர மறுக்கிறார், பேசவும் முயல்வதில்லை. பெரிய மருத்துவமனைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள நிறுத்தங்களையெல்லாம் கூவியவரை அந்த இடத்தில் வாயடைத்து நிற்க வைக்காதீர்கள் ஐயா.

9. ஆகவே, அந்தக் குறிப்பை ரத்து செய்து, இடமாற்றத்தை நிறுத்திவைத்து, கூட்டத்தை மறுபடி நடத்த வேண்டுகிறேன். இணையவழியில்தான் நடக்கும் என்றால், இணைப்பைக் கைபேசிக்கு அனுப்புங்கள். ஒரு பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மறுபக்கம் அமைதியாக இருந்தால் ஆளில்லை என்று முடிவு கட்டும் முன் இருபது எண்ணுங்கள். தாங்கள் நான்கு நிமிடம் சத்தமில்லாமல் பேசியபோது, அடுத்தவரை எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

10. அவர் சொல்ல வந்தது ஐந்தே சொற்கள். அவற்றை இங்கே நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். நான் எண்ணினேன், இருபதையும் தாண்டி எண்ணினேன். “நா… நானே” என்றார். பத்து நாளில் அவர் பேசிய முதல் சொல் அது. ஆகையால் அந்த ஐந்தையும் எழுதாமல் விடுகிறேன். தேதியை மட்டும் தெரிவியுங்கள் ஐயா, அவர் சொல்வார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
தையல்கடைக்காரி

இடம்: தண்ணீர்த்தொட்டித் தெரு
நாள்: பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை

இணைப்பு: முப்பத்தொரு பேரின் கையொப்பங்கள், தனித்தனியாக.