அரை கெஜத்தில் பிழைத்த கடை

அண்ணே,

இன்று காலை கடைக்கு வந்தபோது பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியது. உங்கள் மருமகன் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அஞ்சடி நடைபாதையில் சுவரோடு சாய்த்து வைத்துப் பச்சை பூசிக்கொண்டிருந்தார். தைப்பிங்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாராம். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அந்த நாற்பது நாளும் பலகைகள் மூடிக் கிடந்ததால், இனி அந்தக் கடை அவ்வளவுதான் என்று மார்க்கெட் தெருவில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கக் காப்பிக்கடையில் இருந்த ஒருவர் தெருவைக் கடந்து வந்து, "என்னாண்ணே, இந்தக் கடை இன்னுமா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கு" என்றேன்.

இதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். இல்லை என்ற பதில் வராதா என்ற ஆசையில் கேட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

நம் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரைவரை எட்டாத சுவர். என் கடை உங்கள் கடையைப் போல இரண்டு மடங்கு அகலம். கண்ணாடி அலமாரி, ஆளுயர நிலைக்கண்ணாடி, பட்டு, சரிகை வேட்டி, விற்பனைக்கு நான்கு ஆட்கள். உங்களிடம் மல், காடா, துண்டு, கொஞ்சம் பூப்போட்ட சீட்டித் துணி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் துணிக்கட்டில் சாய்ந்து தூங்கிவிடுவீர்கள். சுவருக்கு மேலாக உங்கள் குறட்டை என் கடைக்குள் வந்து விழும். பட்டு பார்க்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

உங்கள்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. உங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்பதுதான் சரி. வியாபார நேரத்தில் தூங்குகிற ஒரு மனிதர், எனக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். கொத்தனாரைக் கூட்டிவந்து, சுவரில் எந்த இடத்தில் வழி வெட்டலாம் என்று அளந்தும் வைத்திருந்தேன்.

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். அது முதலில் நம் தெருவுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வெண்கலப் பாத்திரக்கடை மூடியது. கடிகாரக்கடை மூடியது. தெருமுனையில் இருந்த இரண்டு ஜவுளிக்கடைகளும் ஒரே மாதத்தில் பலகை போட்டன. அடுத்தது நீங்கள்தான் என்று தெருவே பேசிக்கொண்டது. தீபாவளிவரை தாங்க மாட்டார் என்றேன். தீபாவளி போனது. பொங்கலுக்குள் என்றேன். பொங்கலும் போனது. ஒவ்வொரு நாள் காலையிலும் நீங்கள் பலகையைத் திறந்துகொண்டுதான் இருந்தீர்கள்.

ஒருநாள் மத்தியானம் குறட்டை கேட்கவில்லை. அதற்குப் பதில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. ஒரு கிழி, கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு கிழி. அரை மணி நேரமாக அது நிற்கவே இல்லை. தேங்கிப்போன சரக்கைக் கந்தலாக்கி எஞ்சின் துடைக்கிறவர்களுக்கு விற்கிறீர்கள், கடையை முடிக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் எழுந்து வந்து எட்டிப்பார்த்தேன்.

உங்கள் வாசலில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். தோட்டத்து ஜனங்கள். வேலை போய், ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள். துறைமுகத்துப் பக்கம் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். இரண்டு நாளில் நாகப்பட்டினம் கப்பல். ஆண்கள் நடைபாதையில் குந்தியிருந்தார்கள். பெண்கள் உங்கள் மேஜையை ஒட்டி நின்றார்கள். நீங்கள் வியர்வை வழிய நின்றுகொண்டு, விளிம்பைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தீர்கள்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவளை எனக்குத் தெரியும். அன்று காலை என் கடைப் படியில் நின்று, குழந்தைக்குக் கவுனுக்குத் துணி கேட்டவள். மூன்று கெஜத்துக்குக் குறைந்து கிழிப்பதில்லை என்று என் ஆள் சொல்லி அனுப்பிவிட்டான். அந்தச் சட்டம் நான் போட்டதுதான். துண்டு துண்டாக விற்றால் மிச்சம் வீணாகும்; கடைக்கும் மதிப்பு இல்லை.

"முக்கா கெஜம் போதுங்க" என்று அவள் உங்களிடம் மெதுவாகச் சொன்னாள். "ஊர்ல மாமியா புள்ளய இன்னும் பாக்கல. கந்தையோட எப்பிடிங்க காட்டுறது?"

"அதச் சத்தமாச் சொல்லும்மா, எனக்கு ஒரு காது மந்தம். முக்காவா? எந்தப் பூவு வேணும், மஞ்சளா செவப்பா?"

அவள் சிவப்பு என்றாள். நீங்கள் கிழித்துக் கொடுத்தீர்கள். பின்னால் தள்ளியவர்களைப் பார்த்து, "தள்ளாதீங்கப்பா, துணி என்ன எழுந்து ஓடியா போவுது?" என்று கத்தினீர்கள்.

நான் சும்மா திரும்பி வந்திருக்கலாம். சும்மா வரவில்லை. "என்னாண்ணே, கந்தல் வியாபாரமா?" என்றேன். நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழித்துக்கொண்டே, "வெறுங்கையோட எறங்குனா தொரத்தி விட்டாங்கன்னு ஊரு பேசும், தம்பி. கையில ஒரு புதுத்துண்டு இருந்தா, சம்பாரிச்சிட்டு வந்தவன்" என்றீர்கள்.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது கை தாராளமாகிவிடுகிறது. நீங்கள் யாருக்கும் இனாமாகக் கொடுக்கவில்லை. உங்கள் விலை தெருவில் மற்றவர்கள் சொன்ன விலைதான். ஒரு கெஜத்துக்கு என்ன விலையோ, அரை கெஜத்துக்கு அதில் பாதி. நீங்கள் செய்த தர்மம் அவ்வளவுதான். அதை இந்தத் தெருவில் வேறு எவரும் செய்யவில்லை.

கப்பலுக்குக் கப்பல் ஆட்கள் வந்தார்கள். ஒரு தோட்டத்தார் போய்ச் சொல்ல, அடுத்த தோட்டத்தார் நேராக உங்கள் வாசலுக்கே வந்தார்கள். என் கடையில் மின்விசிறி ஓடியது, ஆள் இல்லை. பட்டு வாங்கும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகளின் வீடுகள் கையை இறுக்கிக்கொண்டன. நான்கு ஆட்களில் இருவரை நிறுத்தினேன். கண்ணாடி அலமாரியில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அப்பால் கிழிக்கும் சத்தம் கேட்டபடியே இருக்கும்.

ஒருநாள் நம் இரண்டு கட்டடங்களுக்கும் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயின் வீட்டுக்குப் போனேன். அரைகுறை மலாயில் சொன்னேன்: பக்கத்துக் கடை வாசலில் தோட்டத்து ஆட்கள் அடைந்து கிடக்கிறார்கள், கண்ட இடத்தில் துப்புகிறார்கள், அவர்களில் சிலருக்குப் பேதி இருக்கிறது, நகராட்சிக்குத் தெரிந்தால் அபராதம் உங்களுக்குத்தான். கூட்டம் உண்மை. துப்பியதும் உண்மை. பேதி நான் சேர்த்தது.

மறுநாள் முற்பகல் தவுக்கே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். ஆண்கள் எழுந்து வழிவிட்டார்கள். இவர்களெல்லாம் யார் என்று உங்களிடம் கேட்டார்.

"பாலிக் கம்போங், தவுக்கே" என்றீர்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள். வேறு விளக்கம் எதுவும் நீங்கள் சொல்லவில்லை. கையில் இருந்த துணியைக் கிழித்து முடித்தீர்கள்.

தவுக்கே நெடுநேரம் நின்றார். குனிந்து உங்களிடம் ஏதோ சொன்னார். அது என் காதில் விழவில்லை. பிறகு என் கடை முன்னால் வந்து, உள்ளே பார்த்தார். அலமாரிகளைப் பார்த்தார். நின்றுபோன இரண்டு ஆட்களின் காலி முக்காலிகளைப் பார்த்தார். மலாயில் நிதானமாகச் சொன்னார்: "அவன் வாசலில் துப்புகிறார்கள் என்றாய். உன் வாசலில் துப்பக்கூட ஆள் இல்லையே." ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் சொன்னது சரி என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. இரண்டு மாதம், மிஞ்சினால் மூன்று. அதற்குமேல் என் கடை நிற்காது. அடுத்தது யார் என்று தெரு பேச ஆரம்பித்தபோது, அது என் பெயராக இருந்தது.

ஒரு வாரம் கழித்து நீங்கள் என் கடைக்குள் வந்தீர்கள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். தவுக்கே விஷயமாகச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நான் எழுந்து நின்றேன்.

"தம்பி, எங்கிட்ட காடா, மல்லு எல்லாம் தீந்து போச்சு" என்றீர்கள். "சரக்குக் கப்பல் வர இன்னும் ஒரு வாரம் ஆவும். ஒங்கிட்ட சிப்பம் சிப்பமாக் கெடக்குதில்ல? வாசல்ல அறுபது பேரு நிக்கிறாங்க. பாதிப் பேர அனுப்புறேன், நீ கிழி."

"நம்ம கடையில மூணு கெஜத்துக்குக் கொறஞ்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அட போப்பா, மூணு கெஜமும் நீயும்! சிப்பத்தப் பிரி மொதல்ல."

பிரித்தேன். மேஜையில் கத்திரிக்கோலை எடுத்து வைத்தேன். நீங்கள் அதை எடுத்து ஓரமாகத் தள்ளினீர்கள். "கத்திரி வேணாம். கிழிச்சாத்தான் நூலோட நேராப் போவும். சத்தம் கேட்டா ரோட்டுல போறவன் நாலு பேரு திரும்பிப் பாப்பான்."

அன்று நான் சாயங்காலம்வரை கிழித்தேன். அரை கெஜம், முக்கால், ஒன்றே கால். உள்ளங்கை சிவந்து கன்றிப்போனது. கடைசியாக வந்தவர் ஒரு கிழவர். தலைப்பாகைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். கையில் இருந்த காசுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு கொடுங்கள் என்றார். கொடுத்தேன். என் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அவர் அதைக் கட்டிப் பார்த்துக்கொண்டார். கட்டி முடித்ததும், முழு உருவத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தோட்டத்தில் எத்தனை வருஷம் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் ஆள் இல்லை, நேரம் இருந்தது. இருந்தும் கேட்கவில்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் இரண்டு கடைகளும் அப்படித்தான் ஓடின. தெருவில் எட்டுக் கடைகள் மூடின. நாம் மூடவில்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றும் எனக்குச் சாமர்த்தியம் என்றும் சொன்னார்கள்.

ரப்பர் விலை ஏறி, தோட்டங்களில் மறுபடி ஆள் எடுத்த பிறகு ஒரு தைப்பூசம். தண்ணீர்மலைக் கோயில் படியில் பாதி ஏறியதும் உங்களுக்கு மூச்சு வாங்கியது. ஓரமாக உட்கார்ந்தீர்கள். நானும் உட்கார்ந்தேன். காவடிகள் நம்மைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. மனதில் வைத்திருந்ததை அங்கே சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்குத் தவுக்கேகிட்டப் போயி ஒங்களப் பத்திச் சொன்னது நான்தான். பேதின்னு பொய்யும் சொன்னேன்."

"தெரியும்" என்றீர்கள். "நம்ம வாசல்ல நின்னு அவரே காதோட சொல்லிட்டுத்தான் போனாரு."

தெரிந்துகொண்டுதான் ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்திருக்கிறீர்கள்.

"தெரிஞ்சுமா ஆள அனுப்புனீங்க?"

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். கேள்வியே புரியாதவர் மாதிரி. "எங்கிட்ட துணி இல்ல. ஒங்கிட்ட இருந்துச்சு. அவங்களுக்குக் கப்பல் மறுநாக் காலையில. ஒங்கூடச் சண்ட போட நேரம் எங்கப்பா இருந்துச்சு?"

மன்னித்தேன் என்று நீங்கள் சொல்லவில்லை. பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மிச்சப் படிகளை ஏறினீர்கள்.

நாம் நண்பர்களாக இருந்தோமா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களாக இருந்தோம். நீங்கள் போன அன்று நான் அழவில்லை. கடையை மூடிவிட்டுக் கடைசிவரை கூட நடந்தேன்.

போன மாதம் வியாபாரிகள் கூட்டத்தில், அந்த மோசமான வருஷங்களில் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்று ஓர் இளைஞர் எழுந்து கேட்டார். மற்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். ஆள் வந்தது, கையில் துணி இருந்தது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சிரித்தார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தார்கள்.

எல்லாவற்றையும் இழந்து போனவர்கள் போகிற வழியில் நம் இருவரையும் நிற்க வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் நீங்கள் கேட்டுவைக்கவில்லை, நானும் கேட்டுவைக்கவில்லை. நாற்பது நாளுக்கு முன்வரை இது இந்தத் தெருவில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும் தெரியும்.