மூன்று மணிக்குப் பார்க்க வேண்டியது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பால் பரிசோதனைக் கூடத்தில் புது வேலை பிடித்திருக்கிறதா? போனில் பேசினால் என்னிடமிருந்து வெறும் காற்றுதான் வருகிறது என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் உங்கள் முக்காலியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். காலையில் நான் எடுத்து வைப்பேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி ஏறியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா டயர் கடையிலிருந்து வந்து, சாப்பிடும்போது கேட்டார். "நீயும் அந்த அக்காவும் ஒரு வருஷமா அப்படி என்னத்தைம்மா பாத்தீங்க?"

"செல் ரெண்டா பிரியும்போது குரோமோசோமைப் பிடிச்சு இழுக்க ஒரு இடம் வேணும்பா. சென்ட்ரோமியர்னு பேரு. அந்த இடம் எதுன்னு டி.என்.ஏ.வுல எழுதி வைக்கலை. டி.என்.ஏ. சுத்திக்கிற புரதத்துக்கு ஹிஸ்டோன்னு பேரு, அங்க மட்டும் வேற மாதிரி ஒரு ஹிஸ்டோன் உக்காந்திருக்கும். அதுதான் அடையாளம். டி.என்.ஏ. நகலாகும்போது அது ரெண்டு பக்கமும் பாதிப் பாதியா போயிடும். மறுபடி நிரப்பலேன்னா, நாளடைவுல இடமே மறந்துடும்."

"சரி, எப்ப நிரப்பும்?"

உங்கள் கேள்வியே அதுதானே அக்கா. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பூனை


மார்ச் 13

என் செல்லப் பூனைக்கு,

கடிதத்திலும் நீ சத்தம் போடாமல்தான் நடக்கிறாய். முக்காலியைப் பற்றி எழுதினாய், அப்பாவைப் பற்றி எழுதினாய். உன்னைப் பற்றி எங்கேயடி? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

இங்கே நாளுக்கு இருநூறு புட்டிப் பால். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை சோதிப்பதை நான் மூன்றுமுறை சோதிக்கிறேன். "என்ன மேடம், பாலுக்குள்ள புதையலா தேடறீங்க?" என்கிறார் மேற்பார்வையாளர். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவைக்கிறேன்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். என் கையை என்னால் நம்ப முடியவில்லை. செல் பிரிந்து முடிந்தபின் அந்தப் புரதத்தின் ஒளிப்புள்ளிகள் நிரம்பியதை நான் பார்த்தேன். அதையே நீ திரும்பச் செய்தபோது நிரம்பவில்லை. உன் கை சுத்தமான கை, நான்தானே பழக்கினேன். அப்படியானால் தப்பு என்னுடையதுதான். நவம்பரில் பேராசிரியர் என் முடிவை ஒதுக்கியதில் எனக்கு வருத்தமில்லை. எங்கே தவறினேன் என்று தெரியாததுதான் அரிக்கிறது. ஆசைப்பட்டதைக் கண் பார்த்துவிட்டதோ? உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆசையுடன்,
அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

காலையில் பிரியவிட்ட செல்களை மூன்று மணிக்குப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தீர்கள். நுண்ணோக்கி அறைக்காரர் எனக்குப் பன்னிரண்டு மணியைத்தான் ஒதுக்கினார். "மூணு மணிக்குக் கிடைக்குமா சார்?" என்று கேட்க வராந்தாவில் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் அவர் "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் பேராசிரியர் "நிரம்புச்சா, இல்லையா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மேசை விளிம்பைப் பார்த்தேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் நீங்கள் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் மூன்று மணி காலியாக இருந்தது. அதே செல்களை இரண்டு வேளையும் பார்த்தேன். பன்னிரண்டுக்கு, அப்போதுதான் பிரிந்த செல்களில் பாதி வெளிச்சம். மூன்றுக்கு முழு வெளிச்சம். நாற்பது செல்கள் எண்ணினேன் அக்கா, ஒன்றுகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும். கூச்சம் என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. என்னை மன்னித்துவிடுங்கள்.

பூனை


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். முதலில் குரலே எழும்பவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றார் பேராசிரியர். "நான் பன்னெண்டு மணிக்குப் பாத்தேன் சார். அக்கா மூணு மணின்னு எழுதியிருந்தாங்க. அவங்க பாத்ததுதான் சரி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேரம் மாறினது நவம்பர்லயே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று மாதம் நான் நுண்ணோக்கியைத் தொடக்கூடாது. குடுவை கழுவுகிறேன், செல்களுக்கு ஊட்டக் கரைசல் கலக்குகிறேன். உங்களுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது அப்பா "வேலை போயிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

"பின்ன? சொல்லுமா?" என்றவர், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பூனை


மே 6

பூனைக்கு,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதிலிருந்த வார்த்தைகளெல்லாம் எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

நாலு மாதத்துக்கு மேல், பெண்ணே. ஒருநாள் ஒரே புட்டியை ஏழு தடவை சோதித்தேன். வாசலில் காத்திருந்த வண்டிக்காரர் என்னைப் பைத்தியம் என்றார். அன்று வீட்டுக்குப் போய், இவர் சொல்வது சரிதானோ என்று யோசித்தேன். ஒரே ஒரு "பன்னிரண்டு" சொல்லியிருந்தால் போதுமே. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அது பொய்.

பேராசிரியர் எழுதியிருந்தார். ஜூனில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். என் வேலையை நானேதான் முடிப்பேன். திரும்ப அங்கேயே சேர மாட்டேன். இங்கே நான் ஒருமுறை சொன்னால் நம்புகிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நவம்பரில் நீ எடுத்த பன்னிரண்டு மணிப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதே. நிரம்புவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. அந்த நேரத்தில் நான் பார்க்கவே இல்லை. கட்டுரையில் அவையும் வரும், உன் நாற்பது செல்களும் வரும், உன் பெயரும் வரும். உனக்குப் பரிசாக இல்லை. படம் எடுத்தவள் நீ, அதனால்.

ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தீரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அக்கா