பஸ் ஓட்டாத கோடை

14-3-1985, வியாழன்

டிரிப் இல்லை. இன்றோடு இருபத்தைந்து நாள்.

இந்த டைரி திண்டிவனம் டயர் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. வண்டியை எத்தனை மணிக்கு எடுத்தேன், எங்கே பஞ்சர் ஆயிற்று, அவ்வளவுதான் எழுதுவேன். பிப்ரவரி பதினேழுக்குப் பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. அன்று அனந்தபுரம் திருப்பத்தில் சைக்கிளில் வந்த பாவாடை என்பவர் என் பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனார். லைசென்ஸ் போலீசிடம் இருக்கிறது. கேஸ் முடிகிறவரை வீட்டில் இரு என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இருக்கிறேன்.

20-3, புதன்

மல்லாட்டை மண்டிக்குக் கடலை பொறுக்குகிற வேலைக்குக் கிளம்பும்போது என் சம்சாரம் குஞ்சம்மாள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். "இப்டியே செவுத்த பாத்துகினு குந்தி இருந்தா இன்னாங்க அர்த்தம்? பின்னாடி அவ்ளோ எடம் காஞ்சி கெடக்குது. கொத்தியாவது போடுங்க."

கொத்தினேன். மலையடி மண், பாதிக்குப் பாதி கல். சாயங்காலம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வலிக்குதா என்றாள். தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

23-3, சனி

வெண்டை, தண்டுக்கீரை, சுரை, வெள்ளரி போட்டாயிற்று. கத்திரி நாற்று பக்கத்து வீட்டு ஹுசைன் பீ அக்கா கொடுத்தார். கிணறும் அவருடையதுதான். "எவ்ளோ வேணுமோ சேந்திக்கோ தம்பி. என் கெணறு இன்னா வத்தவா போவுது?"

வத்தும். வருஷா வருஷம் சித்திரையில் வத்துகிற கிணறு. அவருக்கும் தெரியும்.

24-3

காலை இருபது குடம். மாலை இருபது குடம்.

25-3

அதே.

2-4, செவ்வாய்

முளைத்துவிட்டது. குஞ்சம்மாள் ஹுசைன் பீ அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். இருவரும் குனிந்து குனிந்து எண்ணினார்கள். நான் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

17-4, புதன்

முதல் கீரை. கடைந்து, பூண்டு தாளித்து, சுடுசோற்றில் போட்டாள்.

"எப்டி இருக்குது?"

"கீரை மாதிரி."

சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

26-4, வெள்ளி

கோர்ட்டில் தேதி மறுபடி தள்ளிப்போனது. கண்டக்டர் சர்தார் வீடுவரை கூட வந்தான். "ஒம்மேல தப்பே இல்லண்ணே. அந்தாளு கைய காட்டாம திரும்பிட்டாரு. நான் ஜன்னல் வழியா பாத்தேன். எந்த கோர்ட்ல வேணா சொல்லுவேன்."

எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். பிரேக் அடித்தது வரைக்கும்தான் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்பதில்லை.

எழுதிவிடுகிறேன். வண்டியை நிறுத்தினேன். இறங்கினேன். அவர் ரோட்டோரம் கிடந்தார். கண் திறந்திருந்தது. பின்னால் யாரோ "புடிங்கடா அவன"ன்னு கத்தினாங்க. ஓடினேன். மல்லாட்டைக் காட்டுக்குள்ள செருப்பு போனது கூடத் தெரியாம ஓடினேன். ராத்திரி எட்டு மணிக்குச் செஞ்சி போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னேன். ஏன் ஓடினேன்னு கேட்டாங்க. அடிப்பாங்கன்னு. அடிச்சா அடிக்கட்டுமே— அரை மணி நேரம் உயிரு இருந்திச்சாம். அந்தக் கண்ணு என்னத்தான் பாத்துச்சி.

சர்தாருக்கு ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பினேன்.

6-5, திங்கள்

அக்கினி வெயில். ராஜகிரிக் கோட்டை மலைப் பாறை பொழுது சாய்ந்த பிறகும் கொதிக்கிறது. கிணற்றில் கயிறு இன்னும் இரண்டு முழம் கூட்டிக் கட்டினேன். பத்துக் குடம்தான் கிடைக்கிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் செடிக்குத்தான்.

வெண்டை பிஞ்சு விட்டிருக்கிறது. ஒன்றைக் கிள்ளி அங்கேயே நின்று தின்றேன். ஏனென்று தெரியவில்லை.

15-5, புதன்

சுரைக்காய்க் கூட்டு, வெண்டைக்காய் வதக்கல், வெள்ளரிப் பிஞ்சு, மோர். எல்லாம் பின்பக்கத்துக் காய். "கடைல வாங்குற காயில இந்த வாசன வருமா?" குஞ்சம்மாள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் எலும்பு தெரிகிறது. எப்போது இப்படி இளைத்தாள்? மூன்று மாதமாக எதிரில்தானே உட்காருகிறாள்.

28-5, செவ்வாய்

ஹுசைன் பீ அக்காவுக்கு நோன்பு. திறப்பதற்கு ஆகட்டும் என்று நாலு வெள்ளரிக்காய் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"தெருவுல எல்லாருக்கும் குடுக்குற தம்பி. அந்த பொம்பளைக்கு குடுத்தியா?"

எந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை.

2-6, ஞாயிறு

போனேன். ஒரு பை வெண்டை, கத்திரி, ஒரு சுரைக்காய். பஸ்ஸில் கடைசி சீட்.

பாவாடையின் சம்சாரம் அம்மாக்கண்ணு வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"இளையபெருமாள். அந்த பஸ்ஸு டிரைவரு."

கை நின்றது. வெயில் என் முதுகில் இருந்தது.

"கடைசியா எதுனா சொன்னாரா?" என்று கேட்டார். "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. நீ பக்கத்துலதான இருந்த?"

வழியெல்லாம் என்னென்னவோ பேச யோசித்துப் போயிருந்தேன். இப்படிக் கேட்பார் என்று நினைக்கவில்லை. தண்ணி கேட்டார், உங்கள் பெயரைச் சொன்னார் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது.

"தெரியாதும்மா. நான் அங்க இல்ல. ஓடிட்டேன்."

மறுபடி புளியை எடுத்தார். ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை. தலை நிமிரவில்லை.

"போ. அந்தப் பையையும் எடுத்துனு போ."

எடுத்துக்கொண்டு வந்தேன். வாடிப்போன வெண்டைக்காயைக் குஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள். அரிந்து மோரில் ஊறவைத்து வற்றல் போட்டாள்.

3-6

தண்ணீர் ஊற்றவில்லை.

4-6

ஊற்றவில்லை. சுரைக்கொடி தொங்கிவிட்டது.

5-6

விடியற்காலையில் குஞ்சம்மாள் ஊற்றிவிட்டு மண்டிக்குப் போனாள். படுத்தபடி ராட்டினச் சத்தத்தை எண்ணினேன். ஆறு.

6-6, வியாழன்

குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

28-6, வெள்ளி

கேஸ் ஆகஸ்டுக்குப் போய்விட்டது.

நடுப்பகலில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அம்மாக்கண்ணு. கையில் ஒரு மஞ்சள் பை. விதவை பென்ஷனுக்கு மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்கு வந்தாராம். ஆபீசர் மூன்று மணிக்குத்தான் வருவாராம். "டிரைவரு வூடு எதுன்னேன். காட்டினாங்க."

குஞ்சம்மாள் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன். பாத்தியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வெண்டைய இப்டி முத்த வுட்டிருக்கியே. தெனம் பறிக்க வேணாமா?" நுனியை ஒடித்துக் காட்டினார். "பாரு, இது ஒடியுது. இது ஒடியல, மாட்டுக்குப் போடு." மடி நிறையப் பறித்துக் கொண்டுவந்து குஞ்சம்மாள் முன்னால் கொட்டினார்.

கத்திரிக்காய் காரக்குழம்பு, வெண்டைக்காய் வதக்கல். நான் பரிமாறினேன். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்காத. பசிச்சிது, சாப்புடறேன்."

"சரிம்மா."

"நீயும் குந்து. எவ்ளோ நேரம் நின்னுனே இருப்ப?"

உட்கார்ந்தேன். குஞ்சம்மாள் எனக்கும் தட்டு வைத்தாள். பிஞ்சுக் கத்திரிக்காய் குழம்பிலேயே கரைந்திருந்தது. நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு அவரோடு தாலுகா ஆபீஸ்வரை நடந்தேன். மனு எழுதுகிறவர் வரவில்லை. அம்மாக்கண்ணுவுக்கு எழுதத் தெரியாது. ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து காகிதத்தை முழங்கால்மேல் வைத்து நானே எழுதினேன். மனுதாரர் பெயர், ஊர், எழுதியாயிற்று. அடுத்தது, இறந்துபோன கணவரின் பெயர். 'பா' போட்டேன். அதன்மேலேயே மறுபடி 'பா' போட்டேன். அடுத்த எழுத்துக்குப் போக முடியவில்லை. இத்தனை நாளில் ஒருதரம்கூட அழுததில்லை. மூக்கு ஒழுகி மனுவில் விழுந்துவிடப்போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மாக்கண்ணு பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"மெதுவா எழுது," என்றார். "நேரம் இருக்குது."