கம்பம் பக்கம் விட்ட விளம்பரம்

ஜூலை 9, புதன்

விடியலிலிருந்து சாரல், காற்று. கரண்ட் இல்லை. மதியம் வரை இரண்டு ஜீப் டிரைவர்கள், அவ்வளவுதான். வளைவில் புதிதாகத் திறந்த கடையில் மட்டும் கார் நிறுத்த இடமில்லை. வயிற்றெரிச்சல்.

காலேஜ் லீவுக்கு வந்திருக்கும் மகள் ஷைனி சொன்னாள்: "மேப்புல நம்ம கடையே இல்லம்மா. அப்புறம் யாரு வருவா?" சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டாள். படம், நேரம், போன் நம்பர், எல்லாம். அடுத்து ரீல்ஸ் எடுக்கணுமாம். பொம்பளை பரோட்டா வீசும் கடை இந்த மலையில் வேறு இல்லை, அதையே எடுப்போம் என்றாள்.

எங்கள் பரோட்டா மாஸ்டர் பாண்டியம்மாளிடம் கேட்டேன். "மூஞ்சி வேணாம்க்கா" என்றாள். சரி, கை மட்டும். மாவைத் தட்டி, வீசி, கல்லில் போடும் கை. அழகாகத்தான் வந்திருக்கிறது.

நாளை: மைதா, முட்டை, சிலிண்டர் புக் பண்ண.

ஜூலை 11, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. அந்த ரீல்ஸைக் காசு கட்டி விளம்பரமாக விட, எந்த ஊர்க்காரர்களுக்குப் போகணும் என்று போனில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டாள் ஷைனி. என் வீட்டுக்காரர் லூர்து கட்டப்பனை என்றார். அவருக்கு வியாபாரம் தெரியாது. மலையில் இருப்பவன் குளிர் பார்க்கவா வருவான்? கீழே வெயிலில் கிடப்பவன்தான் வருவான். கம்பத்தின் மேல் நானே விரலை வைத்தேன். சுற்றி ஒரு வட்டம் விழுந்தது.

பாண்டியம்மாள் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். (திங்களன்று சேர்த்தது: அவள் கம்பம் பக்கத்துக்காரி, புருஷனை விட்டு வந்தவள் என்பது எனக்குத் தெரியும். இது அவன் கண்ணிலும் படும் என்று அப்போது தோன்றவே இல்லை.)

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் கார்கள். தேனி, கம்பம் ஆட்கள். "எங்கக்கா அந்தப் பரோட்டா அக்கா?" என்று எட்டிப் பார்க்கிறார்கள். முந்தானையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு வீசினாள். சால்னா தீர்ந்து மறுபடி வைத்தோம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சாயங்காலம் ஷைனி கமெண்ட் வாசித்துக் காட்டினாள். பார்சல் உண்டா. அடிபொளி சேச்சி. ஏசி ரூம் இருக்கா (ஆளைப் பார்!). பிறகு தங்கவேல் என்று ஒருவன்:

"இந்தக் கை எனக்குத் தெரியும். கடை எப்ப மூடுவீங்க?"

அதற்குக் கீழே எங்கள் கடை பெயரில் பதில். மூடும் நேரம், கம்பம்மெட்டு செக்போஸ்டிலிருந்து வழி, "வாங்க அண்ணா" என்று. உடனுக்குடன் பதில் போட்டால்தான் நிறையப் பேருக்கு வீடியோ போகுமாம். பிள்ளை மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள்.

பாண்டியம்மாளின் புருஷனாக இருக்குமோ?

ஜூலை 14, திங்கள்

பனிமூட்டம். பாண்டியம்மாளிடம் மறைக்க முடியாது என்று போனைக் கொடுத்தேன். மாவுக் கையோடு பார்த்தாள். மைதா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருதான்க்கா."

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போகும் சூட்டுத் தழும்பு. அடுப்பில் விழுந்தது என்றுதான் இதுவரை எங்களிடம் சொல்லியிருந்தாள். அவன் தோசைக் கரண்டியைக் காய்ச்சி வைத்ததாம். தான் வைத்த சூடு அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முகத்தை மறைத்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். முட்டாள்கள்.

ரீல்ஸை அழித்தாயிற்று. விளம்பரத்தை நிறுத்தியாயிற்று. மேப்பில் "தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது". ஆனால் யார் யாரோ வீடியோவை இறக்கி, வேறு பாட்டுப் போட்டு விட்டிருக்கிறார்கள். அதை எப்படி அழிப்பது?

போலீசில் சொல்லுவோம் என்றார் லூர்து. "ஊர்ல சொன்னேன்ணே. சமாதானம் பேசி அவரு கூடத்தான அனுப்பி வச்சாங்க" என்றாள்.

கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்க வரும் ஆட்களின் ஜீப் ஹாரன் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை. பால் திரிந்துவிட்டது. பத்து மணி போல கடை நம்பருக்கு ஒரு போன். குரல் அவ்வளவு சாந்தம்.

"அக்கா, மேப்புல மூடிருக்குன்னு காட்டுதே. என்னைக்குத் தொறப்பீங்க?"

தெரியாது என்றேன்.

"பரோட்டா போடுறவங்க அங்கயேதான் தங்கியிருக்காங்களா?"

வைத்துவிட்டேன். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். விரலை வைத்தது நான். மாதாவே, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

செய்ய வேண்டியது: நாளைக் காலை லூர்து ஜீப்பில் அவளைத் தேவிகுளத்தில் நாத்தனார் வீட்டில் விட. கம்பளி கொடுத்துவிட. ஷைனியைத் தனியாக வெளியே விடாமலிருக்க.

ஜூலை 16, புதன்

வெயில், அதிசயமாக. ஜீப் நின்றது, பை ஏறியது. அவள் ஏறவில்லை.

"அங்க போயி கையத் துணி சுத்தி வச்சுக்கிட்டா இருக்கச் சொல்றீங்க?" என்றாள். பையை இறக்கினாள். "ஷைனி, நேரலைன்னு போடுவியே, அதப் போடு. மூஞ்சியயும் காட்டு."

வேண்டாம் என்று கத்தினேன். ஷைனி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், போனை எடுத்தாள்.

கல்லுக்கு முன்னால் நின்று பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். தழும்பைத் திருப்பிக் காட்டி யார் வைத்தது, எதற்கு வைத்தது எல்லாம் சொன்னாள். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஆளுதான் என்றாள். திரையில் பார்க்கிறவர்களின் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அதில் தங்கவேல்.

"வந்துட்டான்" என்றாள் ஷைனி, மூச்சே இல்லாமல்.

பாண்டியம்மாள் கேமராவை நேராகப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் வாயில் வராத பெயர்.

"தங்கவேலு, நல்லாக் கேட்டுக்க. நான் எங்கயும் ஓடல. இங்கதான் இருக்கேன்."

லூர்து வாசலில் நிற்கிறார். எதிர்த்த டீக்கடைக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். மேப்பில் கடை திறந்திருக்கிறது என்று மாற்றச் சொல்லிவிட்டேன்.